பூசணிக்காயை வீணாக்காதீங்க: யாழ்ப்பாணத்துக் குசினி சொல்லித் தரும் பாடம்



நம்ம லயங்களில் பூசணிக்காய்க்கு அவ்வளவு மரியாதை கிடையாது. விருந்தாளி வந்தால் கோழி, உருளைக்கிழங்கு. கையில் ஒன்றும் இல்லாத நாளில்தான் பூசணிக்காய். "இன்னைக்கும் இதுதானா?" என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும். பாதிக் காயைச் சமைத்துவிட்டு மீதியை மூலையில் வைப்போம். ரெண்டு மூணு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், குப்பைக்குப் போகும். விதையும் தோலும் முதல் நாளே போய்விடும்.

இப்படி வீசுவது வெறும் காய் இல்லை. பிள்ளையின் கண்ணுக்கும் உடம்புக்கும் வேண்டிய சத்தை வீசுகிறோம். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்களாக இருந்தார்கள். தோட்டப் பகுதியில் மட்டும் எடுத்துப் பார்த்தால் அது நூற்றுக்கு 32 பேர் அளவில் இருந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு பூசணிக்காய் அதையெல்லாம் தீர்த்துவிடாது. ஆனாலும் நம்ம கைக்கு எட்டுகிற காயையாவது ஒழுங்காகச் சமைக்கலாம் அல்லவா?

அதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களுடைய முறை நமக்குப் பொருந்தும். விறகடுப்பு, தேங்காய், கோதுமை மா, கொஞ்சம் தணல், இவ்வளவுதான் வேண்டும்.

அங்கே எப்படி?

யாழ்ப்பாணத்தில் "தோட்டம்" என்றால் தேயிலை இல்லை. வெங்காயம், மிளகாய், மரக்கறி போடுகிற நிலத்துக்குத்தான் அங்கே தோட்டம் என்று பெயர். ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு அந்தக் குடாநாட்டில் கிடையாது. கிணற்றுத் தண்ணீரை இறைத்துச் செம்மண்ணில் பாய்ச்சித்தான் பயிர் செய்கிறார்கள். அப்படிப் பாடுபட்டு எடுத்த காயை வீசுவதற்கு யாருக்கு மனசு வரும்?

இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளிக்கிழமை, விரத நாள் என்றால் அங்கே பல வீடுகளில் மச்சம் சமைக்க மாட்டார்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் மரக்கறிதான் என்று இருக்கிற குடும்பங்கள் ஏராளம். அந்த நாட்களில் சோற்றுக்குத் துணையாக வருவதில் பூசணிக்காயும் ஒன்று. அதனால் அதை ருசியாகச் சமைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

கஷ்ட காலமும் அவர்களுக்குப் பாடம் சொன்னது. 1990ஆம் ஆண்டு போர் மறுபடி தொடங்கிய பிறகு, யாழ்ப்பாணத்துக்குச் சாமான் போவது பல வருஷம் தடைப்பட்டது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், சீனி, சவர்க்காரம் எல்லாம் யானை விலை. அப்போது வளவில் விளைந்ததை வைத்துத்தான் அடுப்பு எரிந்தது. 2022ஆம் ஆண்டு கோதுமை மா விலை மடமடவென்று ஏறியபோது நாமும் அதே கஷ்டத்தைப் பார்த்தோம். ரொட்டியை நம்பி இருக்கிற வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர்க் கதை

நம்மில் பலர் இதைப் பரங்கிக்காய் என்போம். சிங்களத்தில் வட்டக்கா. யாழ்ப்பாணத்தில் பூசணிக்காய், சில இடங்களில் சர்க்கரைப் பூசணி. வெள்ளைச் சாம்பல் பூத்த தோலுடைய காயை அங்கே நீற்றுப் பூசணி என்று சொல்வார்கள்.

நீற்றுப் பூசணி ஆசியாவின் பழைய காய். மஞ்சள் பூசணியின் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். மெக்சிக்கோ பக்கத்தில் பல ஆயிரம் வருஷத்துக்கு முன்பே பயிரிட்டிருக்கிறார்கள். கொலம்பஸ் 1492இல் அந்தப் பக்கம் போன பிறகுதான் அது கப்பல் ஏறி உலகமெல்லாம் பரவியது. நம்ம ஊர்ப்பக்கம் போர்த்துக்கேயரைப் பரங்கியர் என்று சொன்னதால், அவர்களோடு வந்த காய்க்குப் பரங்கிக்காய் என்று பெயர் வந்தது. அவர்கள் 1505இல் இலங்கைக்கு வந்து, 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். பாண், குசினி, போறணை என்று நாம் சொல்கிற வார்த்தைகளும் அவர்கள் பாஷையில் இருந்து வந்தவைதான். அரசாட்சி போய்விட்டது. காயும் பாணும் நம்மோடு தங்கிவிட்டன.

இதில் என்ன சத்து?

பூசணிக்காயின் மஞ்சள் நிறம் கரோட்டின் என்ற சத்தினால் வருவது. உடம்புக்குள் போனதும் அது விட்டமின் ஏ ஆக மாறும். கண் பார்வைக்கும், சளி காய்ச்சல் வயிற்றோட்டம் போன்ற நோய்களைத் தாங்குகிற சக்திக்கும் விட்டமின் ஏ வேண்டும். நன்றாக முற்றிப் பழுத்த, சதை ஆழ்ந்த மஞ்சளாக இருக்கிற காயில் இது அதிகம். ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் பெரும் பங்கை 100 கிராம் அளவு பூசணி கொடுத்துவிடும்.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. கரோட்டின் தண்ணீரில் கரையாது, கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். வெறும் தண்ணீரில் அவித்துக் கொடுத்தால் பாதிப் பலன் வீண். தேங்காய்ப்பால், தேங்காய்ப்பூ, ஒரு கரண்டி எண்ணெய் இதில் ஏதாவது ஒன்று சேர வேண்டும். யாழ்ப்பாணத்தில் பூசணியைத் தேங்காய்ப்பாலில் சமைப்பது ருசிக்காக ஏற்பட்ட பழக்கமாக இருக்கலாம். பலன் உடம்புக்கும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூசணிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர். வயிறு நிறையும், பெலம் போதாது. மலையேறிக் கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அதோடு சோறு அல்லது ரொட்டி வேண்டும். பருப்பு, முட்டை, நெத்தலி இதில் ஒன்றும் வேண்டும்.

1. பால்கறி (வெள்ளைக்கறி)

வேண்டியவை: பூசணிக்காய் அரைக் கிலோ, சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 3, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, உப்பு, தேங்காய் அரை மூடி.

தேங்காயைத் துருவிக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிழிந்த கெட்டிப் பாலைத் தனியே வையுங்கள். அது முதற்பால். மறுபடி தண்ணீர் விட்டுப் பிழிவதை அங்கே கப்பிப்பால் என்பார்கள். காயைத் தோலோடு கழுவிப் பெரிய துண்டாக வெட்டுங்கள். தோல் ரொம்பத் தடிப்பாக இருந்தால் மட்டும் சீவலாம். தோல் இருந்தால் துண்டு கரையாது. வெங்காயம், மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் காயோடு சட்டியில் போட்டு, கப்பிப்பால் மட்டும் விட்டு அவியுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் வெந்துவிடும். உப்புப் போட்டு, கடைசியாக முதற்பாலை விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். முதற்பால் நிறைய நேரம் கொதித்தால் திரிந்து எண்ணெய் பிரியும். அதனால்தான் அது கடைசியில் வருகிறது.

2. கொழுந்து வறை

நமக்குக் கொழுந்து என்றால் தேயிலை. பூசணிக் கொடிக்கும் கொழுந்து உண்டு, அதையும் சாப்பிடலாம். நுனியில் உள்ள இளம் இலைகளைக் கிள்ளி, தண்டின் மேல்நாரை உரித்துவிட்டு, மெல்லிசாக அரியுங்கள். வெங்காயம், மிளகாயை எண்ணெயில் வதக்கி, இலையைப் போட்டு ஐந்து நிமிஷம் கிளறி, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் உப்பும் சேருங்கள். இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். இலையில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அந்தப் புளி உதவும். இதைத்தான் யாழ்ப்பாணத்தில் வறை என்கிறார்கள்.

ஆண் பூவையும் இப்படிச் சமைக்கலாம். பூவின் அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ, அதைத் தொடாதீங்க. ஆண் பூவிலும் நாலஞ்சை மகரந்தத்துக்கு விட்டு வையுங்கள்.

இங்கே ஒரு வார்த்தை, முக்கியமாக அம்மாமாருக்கு. சாப்பாடு முடிந்த கையோடு சாயத்தண்ணி குடிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. தேயிலையில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தம் குறைவாக இருக்கிறவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துச் சாயம் குடிப்பது நல்லது.

3. பூசணி ரொட்டி

வழக்கமாக 500 கிராம் மா போடுகிற வீட்டில் 400 கிராம் போடுங்கள். 250 கிராம் பூசணியைத் தோல் சீவி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அவித்து, தண்ணீரை வற்ற வைத்து மசித்து ஆற விடுங்கள். மாவோடு மசித்த பூசணி, ஒரு பிடி தேங்காய்ப்பூ, உப்பு, அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்துப் பிசையுங்கள். முதலில் தண்ணீர் விட வேண்டாம். காயில் உள்ள ஈரமே அநேகமாகப் போதும். பத்து நிமிஷம் மூடி வைத்துத் தட்டி, ரொட்டிக்கல்லில் நடுத்தரச் சூட்டில் சுடுங்கள்.

இந்த ரொட்டி மெதுவாக இருக்கும். காலையில் சுட்டு மலைக்குக் கொண்டு போனாலும் பகல் வரைக்கும் காயாது. தொட்டுக்கொள்ள நெத்தலிச் சம்பலோ பருப்போ இருந்தால் போட்ட மாவில் குறைந்தது தெரியாது.

4. பூசணிப் பிட்டு

யாழ்ப்பாணத்தில் கோதுமை மாவைப் பச்சையாகப் பிட்டுக்குப் போட மாட்டார்கள். துணியில் கட்டி ஆவியில் அவித்து, சூட்டோடு அரித்து வைப்பார்கள். அப்படிச் செய்தால் பிட்டு களியாகாது. அவித்த மா ரெண்டு சுண்டுக்கு, பச்சையாகத் துருவிய பூசணி ஒரு சுண்டு, உப்பு. துருவலை மாவோடு முதலில் பிசிறி விடுங்கள். பிறகு கொதித்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, உதிரியாக வரும்வரை சுண்டின் விளிம்பால் கொத்துங்கள். வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைவாகத்தான் வேண்டும். தேங்காய்ப்பூ கலந்து அவியுங்கள். அங்கே பனையோலையில் பின்னிய நீற்றுப்பெட்டியில் அவிப்பார்கள். நம்மிடம் பிட்டுக்குழல் இருந்தால் போதும். பல்லில்லாத தாத்தா பாட்டிக்கும் சின்னதுகளுக்கும் நல்ல சாப்பாடு.

5. போறணை இல்லாமல் பூசணி கேக்

"கேக்கா? அதுக்கு அவன் வேணுமே" என்று நினைக்காதீங்க. மேலும் கீழும் தணல் போட்டுச் சுடுவது நம்ம நாட்டுப் பழைய வழக்கம்.

வேண்டியவை: மசித்த பூசணி 1 கோப்பை, கோதுமை மா ஒன்றரைக் கோப்பை, சீனி முக்கால் கோப்பை, முட்டை 2, உருக்கிய மாஜரின் அல்லது தேங்காய் எண்ணெய் அரைக் கோப்பை, பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, ஏலக்காய் 4, உப்பு ஒரு சிட்டிகை.

முட்டையும் சீனியும் நுரைக்க அடித்து, எண்ணெய், பூசணி சேருங்கள். மா, பேக்கிங் பவுடர், உப்பு, பொடித்த ஏலக்காயை ஒன்றாக அரித்து மெதுவாகக் கலவுங்கள். நிறைய அடித்தால் கேக் இறுகிவிடும். எண்ணெய் தடவிய தகரத் தட்டில் பாதிக்கு மேல் வராமல் ஊற்றுங்கள்.

தடிப்பான பெரிய சட்டியில் ஒரு அங்குலம் காய்ந்த மணல் பரப்பி, மூடிப் பத்து நிமிஷம் சூடாக்குங்கள். மணல் மேல் மூன்று சின்னக் கல் வைத்து, அதன் மேல் தட்டை வைத்துத் தகர மூடியால் மூடுங்கள். இப்போது அடுப்பில் எரிகிற விறகை இழுத்துவிட்டுக் கொஞ்சம் தணல் மட்டும் வையுங்கள். மூடியின் மேல் அதைப்போல ரெண்டு பங்கு தணல் வையுங்கள். கீழே சூடு கூடினால் அடி கருகும், நடு வேகாது. மேலே சூடு இருந்தால்தான் கேக் எழும்பிச் சிவக்கும். 40, 45 நிமிஷம் கழித்து ஒரு ஈர்க்கால் குத்திப் பாருங்கள். ஈர்க்கில் மா ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

கவனம்! தணலில் இருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். குளிருக்கு என்று தணல் சட்டியைப் படுக்கிற காம்பராவுக்குள் கொண்டு போகவே கூடாது. மூடிய அறையில் அது தூங்குகிற ஆட்களின் உயிரையே எடுத்துவிடும்.

நத்தார்க் கேக்கில் பளபளவென்று கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிற இனிப்பும் பூசணிதான், ஆனால் நீற்றுப் பூசணி. சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்து நன்றாகக் கழுவி, சீனிப்பாகில் காய்ச்சி எடுப்பது. சிங்களத்தில் புஹுல் தோசி என்பார்கள். நீரிழிவு உள்ளவர்கள் இந்த இனிப்பிலும் கேக்கிலும் ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விதையும் உணவே

விதையைக் கழுவி ரெண்டு நாள் வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்தால் நல்ல கொறிப்பு. உள்பருப்பில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் இருக்கின்றன. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முழு விதை கொடுக்காதீங்க, தொண்டையில் சிக்கும். உரித்து இடித்துப் பிட்டிலோ கஞ்சியிலோ கலந்து கொடுக்கலாம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு, நன்றாக அவித்து மசித்த பூசணியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டத் தொடங்கலாம்.

வாங்குவதும் வைப்பதும்

நகம் பதியாத கட்டித் தோல், காய்ந்த காம்பு, தூக்கினால் கனம், இதுதான் முற்றிய காய். காம்பு ஒடிந்த காய் சீக்கிரம் அழுகும். முழுக்காயைக் கழுவாமல் துடைத்து, சிமெந்துத் தரையில் வைக்காமல் பலகை அல்லது சாக்கின் மேல், ஒன்றோடு ஒன்று முட்டாமல் வையுங்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் உறியில் தொங்கவிடுவார்கள். நமக்கு ஈரம் அதிகம், அதனால் அடுப்புக்கு மேலே உள்ள பரண் நல்ல இடம். இப்படி வைத்தால் ரெண்டு மாதம் தாராளமாகத் தாங்கும். வெட்டிய காய் ரெண்டு நாளைக்கு மேல் தாங்காது. பெரிய காயாக இருந்தால் பக்கத்துக் காம்பராவோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த காயை அவங்க வெட்டும்போது உங்களுக்கு வரும்.

இன்னொரு எச்சரிக்கை. பச்சைத் துண்டை நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, சமைத்தாலும் போகாது. கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும்.

லயத்துக்குப் பின்னால் ரெண்டு குழி

ஒன்றரை அடி அகலம், ஆழத்தில் குழி வெட்டி, மாட்டெருவும் குப்பை உரமும் நிரப்பி, நாலு விதை ஊன்றுங்கள். முளைத்ததும் நல்ல ரெண்டை விட்டுவிட்டு மற்றதைப் பிடுங்குங்கள். மூன்று மூன்றரை மாதத்தில் காய் கிடைக்கும். பூ நிறைய வந்தும் காய் நிற்கவில்லை என்றால் தேனீ குறைவு என்று அர்த்தம். காலையில் ஆண் பூவைக் கிள்ளி, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி விடுங்கள். நுவரெலியா பக்கம் மாதிரிக் கடுங்குளிர் உள்ள இடத்தில் இது சரியாக வராது. அதைவிடக் கீழே இருக்கிற தோட்டங்களில் நன்றாக வரும். தேயிலைக்குப் புல் மருந்து அடிக்கிற இடத்தை ஒட்டி நடாதீங்க. கானை மறித்தும் நடாதீங்க.

ஒரு கொடியில் மூன்று நாலு காய் நின்றாலே, கொழுந்தும் பூவும் விதையும் சேர்த்துப் பல வேளைச் சாப்பாடு. அடுத்த சம்பள நாளுக்கு முந்தின கிழமையில், கையில் காசு குறைகிற நேரத்தில், பரண் மேல் ஒரு பூசணிக்காய் இருந்தால் அது பெரிய ஆறுதல்தானே? இந்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டியில் தொடங்கிப் பாருங்கள். பிடித்திருந்தால் பக்கத்து லயத்துக்கும் சொல்லுங்கள், கூடவே நாலு விதையும் கொடுங்கள்.